மீனவர் பெயரில் ஒரு நிதி: இருகட்சி இசைவின் எழுபது ஆண்டுகள்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிரெதிர் அணிகளில் நின்று முட்டிக்கொள்ளும் இரு கட்சிகளும் மீன்பிடித் தொழில் என்றதும் ஒரே தாளில் கையொப்பமிட்டுவிடுகின்றன. துப்பாக்கிச் சட்டம், கருக்கலைப்பு, குடியேற்றம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதவர்கள், உள்நாட்டு மீனவருக்கு நிதியும் ஆதரவும் வழங்கும் மசோதாக்களில் தோளோடு தோள் நிற்கிறார்கள். இதை மக்களாட்சியின் முதிர்ச்சியாகப் போற்றும் வழக்கம் அந்நாட்டுச் செய்தியாளர்களிடம் மட்டும் இல்லை. இந்தியக் கருத்தரங்குகளிலும் அரசறிவியல் வகுப்புகளிலும் ‘இருகட்சி இசைவு’ ஓர் உயர்ந்த விழுமியமாகவே எடுத்துரைக்கப்படுகிறது.

அந்தப் போற்றுதல் ஆய்வுக்குத் தாங்காது. மீன்பிடித் தொழிலுக்கான அமெரிக்கச் சட்டங்களின் எழுபதாண்டு வரலாற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தெரியவருவது இதுதான்: பெயர் சூட்டுவதிலும் குழு அமைப்பதிலும் இரு கட்சிகளும் உடனே ஒன்றுபடுகின்றன, பணம் எங்கே போக வேண்டும், யார் கையில் சேர வேண்டும் என்ற கேள்வி எழுந்தால், அதைப் பேசாமல் விடுவதிலும் ஒன்றுபடுகின்றன. முதல் உடன்பாடு செய்தியாகிறது. இரண்டாவது உடன்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. மீனவரின் வாழ்வைத் தீர்மானிப்பதோ இரண்டாவதுதான்.

1954: வரிக்குப் பதிலாக ஒரு வாக்குறுதி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூ இங்கிலாந்துக் கடற்கரையின் மீன்பிடித் தொழில் நெருக்கடியில் சிக்கியது. கனடா, ஐஸ்லாந்து, நார்வே ஆகிய நாடுகளிலிருந்து வந்த உறையவைத்த மீன்துண்டுகள் பாஸ்டன், குளோஸ்டர் துறைமுகங்களின் சந்தையைப் பிடித்துக்கொண்டன. உள்நாட்டுத் தொழிலினர் கேட்டது இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்நாட்டுச் சுங்கவரி ஆணையமும் 1954இல் அதற்குச் சாதகமாகவே பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அதை ஏற்கவில்லை. காரணம் மீனில் இல்லை. ஐஸ்லாந்து நேட்டோ உறுப்பு நாடு. அங்கே அமெரிக்கப் படைத்தளம் இருந்தது. அந்த நாட்டின் பொருளாதாரமோ மீன் ஏற்றுமதியை நம்பியிருந்தது. பனிப்போர்க் காலத்தில் கூட்டாளியைப் பகைத்துக்கொள்ள வாஷிங்டன் தயாராக இல்லை.

அதே 1954இல்தான் சால்டன்ஸ்டால்–கென்னடி சட்டம் நிறைவேறியது. லெவரெட் சால்டன்ஸ்டால் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். ஜான் எஃப். கென்னடி ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். இருவருமே மாசசூசெட்ஸ் மாநில செனட்டர்கள். மீன் மற்றும் கடல்சார் பொருள்களின் இறக்குமதியில் திரளும் சுங்கவரியில் 30 விழுக்காட்டுக்கு இணையான தொகையை உள்நாட்டு மீன்வளத்தின் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் ஒதுக்குவது அச்சட்டத்தின் சாரம். இறக்குமதியைத் தடுக்க முடியாது. ஆனால் இறக்குமதி தரும் வருவாயில் ஒரு பங்கை அதனால் பாதிக்கப்பட்டவனுக்குத் திருப்பித் தரலாம் என்பது அதன் பின்னிருந்த ஏற்பாடு. தொழிலினர் கேட்ட பாதுகாப்புக்கு ஈடாக அரசு கொடுத்த வாக்குறுதி இது. அந்த நிதியைச் செலவிடுவதில் ஆலோசனை கூறத் தொழிலினரைக் கொண்ட ஒரு குழுவும் அமைக்கப்பட்டது.

ஆக, இருகட்சி இசைவின் தொடக்கப் புள்ளியிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. கேட்டது கிடைக்காதவனுக்கு வேறொன்று கொடுக்கப்பட்டது. அந்த வேறொன்றாவது கொடுக்கப்பட்டதா என்பதே அடுத்த கேள்வி.

எழுவாய் இல்லாத வாக்கியம்

1980இல் அமெரிக்க மீன்வள மேம்பாட்டுச் சட்டம் வந்தது. சால்டன்ஸ்டால்–கென்னடி நிதியில் குறைந்தது 60 விழுக்காடு தொழிலுக்கு நேரடி மானியமாகச் செல்ல வேண்டும் என்று அது எழுத்தில் வைத்தது. சட்டத்தை மட்டும் படிக்கும் மாணவர் இத்துடன் புத்தகத்தை மூடிவிட்டு, நல்ல ஏற்பாடு என்று குறிப்பெழுதலாம். ஆனால் அமெரிக்க முறையில் ஒரு திட்டத்தை உருவாக்கும் சட்டம் வேறு. ஆண்டுதோறும் பணத்தைப் பிரிக்கும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு. முன்னதில் கொடுத்ததைப் பின்னதில் எடுத்துக்கொள்ள முடியும்.

நடந்ததும் அதுவே. 1970களின் இறுதியிலிருந்து இந்த நிதியின் பெரும்பகுதி, தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிருவாகத்தின் வழக்கமான செயல்பாட்டுச் செலவை ஈடுகட்டத் திருப்பிவிடப்பட்டு வருகிறது. 2010களில் ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு மேல் இந்நிதிக்கு வந்தது. சட்டத்தின் 60 விழுக்காட்டுக் கணக்கின்படி ஆண்டுக்கு 6 கோடி டாலருக்குக் குறையாமல் மானியமாகச் சென்றிருக்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் போட்டி மானியமாகச் சென்றது ஒரு கோடி டாலரை ஒட்டிய தொகையே.

இந்தத் திருப்பிவிடலைச் செய்யும் வாக்கியம் மொழியியல் மாணவருக்கு ஒரு பாடம். நிதியின் பெயர் மிக நீளமானது: அமெரிக்க மீன்வளப் பொருள்களை மேம்படுத்துதல், வளர்த்தல், அவை தொடர்பான ஆராய்ச்சி என எல்லா நற்சொற்களும் அதற்குள் இடம்பெற்றுவிட்டன. அந்த நீண்ட பெயருக்கு முன்னும் பின்னும் வருவது, இன்ன தொகை இந்த நிதியிலிருந்து ‘மாற்றத்தின் வழியாகப் பெறப்படும்’ என்ற பொருளில் அமைந்த ஒரு செயப்பாட்டு வினை. யார் எடுக்கிறார்? யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது? வாக்கியத்தில் வினை உண்டு, வினைமுதல் இல்லை. மீனவர் என்ற சொல்லும் இல்லை. எந்தச் செனட்டரும் ‘மீனவரின் பணத்தை எடுத்து அரசுத் துறையின் செலவுக்குக் கொடுக்கிறேன்’ என்று எழுந்து பேச வேண்டிய தேவையே அந்த வாக்கிய அமைப்பில் எழுவதில்லை. அந்தத் தொடர் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்ற ஆண்டுகளிலும் தொடர்ந்தது. ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்ற ஆண்டுகளிலும் தொடர்ந்தது. இதைவிட உறுதியான இருகட்சி இசைவு வேறெது?

இரண்டு மசோதாக்கள்

இசைவின் தன்மையைச் சோதிக்க இரண்டு மசோதாக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

2012இல் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியும் குடியரசுக் கட்சியின் ஒலிம்பியா ஸ்னோவும் மீன்வள முதலீடு தொடர்பான ஒரு மசோதாவை முன்வைத்தனர். திருப்பிவிடப்படும் பணத்தை மீண்டும் மீன்வளத்துக்கே கொண்டுவருவது அதன் நோக்கம். இரு கட்சியினரின் கையொப்பமும் அதில் இருந்தது. அது சட்டமாகவில்லை.

2022இல் அமெரிக்க மீன்வள ஆலோசனைக் குழுச் சட்டம் நிறைவேறியது. அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் டான் சல்லிவன் கொண்டுவந்த இம்மசோதாவுக்கும் இரு கட்சியினரின் ஆதரவு இருந்தது. 1970களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டுவிட்ட பழைய ஆலோசனைக் குழுவை 22 உறுப்பினர்களுடன் மீட்டெடுத்து, மானியங்கள் எவ்வகைத் திட்டங்களுக்குச் செல்லலாம் என்று பரிந்துரைக்கும் வாய்ப்பை அது தொழிலினருக்கு வழங்கியது. நல்லதே. ஆனால் எஞ்சிய சிறு தொகையை எப்படிப் பங்கிடலாம் என்று சொல்லும் உரிமை அது. பெருந்தொகை எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை அன்று. திருப்பிவிடும் ஏற்பாட்டில் அச்சட்டம் கைவைக்கவில்லை.

பணத்தைக் கேட்ட இருகட்சி மசோதா மடிந்தது; குழுவைக் கேட்ட இருகட்சி மசோதா பிழைத்தது. எனவே ‘இருகட்சி’ என்ற அடைமொழி ஒரு சட்டத்தின் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அது இரண்டுக்கும் பொதுவான சொல். வேறுபாடு வேறிடத்தில் உள்ளது: முதலாவதை நிறைவேற்றியிருந்தால் வேறொரு துறையின் வரவுசெலவில் குழி விழுந்திருக்கும், அதை நிரப்ப யாரேனும் வரி விதிக்கவோ வேறு செலவைக் குறைக்கவோ வேண்டியிருந்திருக்கும். இரண்டாவதை நிறைவேற்ற எவரும் எதையும் இழக்கவில்லை.

பணம் பாய்ந்தபோது எங்கே பாய்ந்தது

பணம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கூற முடியாது. அரசின் ஆதரவு தாராளமாகப் பாய்ந்த காலமும் உண்டு. 1976இல் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை மீன்வளத்தை அமெரிக்க ஆளுகைக்குள் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. பின்னாளில் அதற்குச் சூட்டப்பட்ட பெயரிலும் ஜனநாயகக் கட்சியின் வாரன் மேக்னுசனும் குடியரசுக் கட்சியின் டெட் ஸ்டீவன்ஸும் இணைந்தே இருக்கிறார்கள். அயல்நாட்டு இழுவைக் கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. அந்த இடத்தை உள்நாட்டுப் படகுகள் நிரப்ப வேண்டும் என்று வரிச்சலுகையும் கடன் உத்தரவாதமும் படகு கட்டுவோருக்கு வழங்கப்பட்டன.

படகுகள் பெருகின. மீன் பெருகவில்லை. ஜார்ஜஸ் பேங்க் பகுதியில் காட் மீன் இருப்பு சரிந்தது. 1994இன் இறுதியில் அங்கே பரந்த பரப்புகள் மீன்பிடிப்புக்கு மூடப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் அதே அரசு, ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் செலவிட்டு, நியூ இங்கிலாந்தில் 79 படகுகளை அவற்றின் உரிமத்தோடு விலைக்கு வாங்கித் தொழிலிலிருந்து விலக்கியது. படகு கட்டப் பொதுப்பணம். படகை ஒழிக்கவும் பொதுப்பணம். இரு முறையும் பணம் படகின் உரிமையாளரிடம் சென்றது. அப்படகில் வலை இழுத்தவன் இரு முறையும் கணக்கில் இல்லை.

இங்கேதான் ‘மீன்பிடித் தொழில்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் அச்சொல் நிறுவனத்தையும் கப்பல் முதலாளியையும் சிறுபடகுக்காரரையும் கூலிப்பங்கு பெறும் தொழிலாளியையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. தமிழில் ‘தொழில்’ என்றதும் உழைப்பு நினைவுக்கு வருகிறது. அச்சட்டங்களில் அச்சொல் முதலீட்டைக் குறிக்கிறது. பேரிங் கடலின் பொல்லாக் மீன்பிடிப்பைப் பங்கிட்ட 1998ஆம் ஆண்டு அமெரிக்க மீன்பிடிச் சட்டம் இதற்குத் தெளிவான சான்று. எந்தெந்தக் கப்பல்கள் அக்கடலில் மீன்பிடிக்கலாம், எந்த ஒன்பது கப்பல்கள் விலைக்கு வாங்கப்பட்டு விலக்கப்படும் என்று அச்சட்டம் கப்பல்களின் பெயர்களைத் தனித்தனியே அடுக்குகிறது. அலாஸ்காவின் கடலோரச் சமூகங்களுக்கும் அதில் 10 விழுக்காட்டுப் பங்கு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கப்பலுக்கு இயற்பெயர் வழங்கிய சட்டத்தில், அக்கப்பலின் தளத்தில் குளிரில் நின்று வேலை செய்பவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு விடை இல்லை.

அவனைப் பற்றிப் பேசும் சட்டங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. அவை அவனை விலக்கிவைக்கவே பேசுகின்றன. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேர ஊதியத்தையும் நிறுவிய 1938ஆம் ஆண்டு நியாயத் தொழில் தரச் சட்டம், மீன்பிடிப்பில் ஈடுபடும் தொழிலாளரை அவ்விரண்டிலிருந்தும் விலக்குகிறது. வழக்கமாகப் பத்துக்கும் குறைவானோர் பணிபுரியும் படகில், பிடிபட்ட மீனில் பங்காக ஊதியம் பெறுபவரை வரிச்சட்டம் சுயதொழில் செய்பவராகவே கருதுகிறது. எரிபொருள், பனிக்கட்டி, உணவுச் செலவு போக மிஞ்சியதில் பங்கு பெறுபவன் சட்டத்தின் பார்வையில் தானே ஒரு முதலாளி! எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. மீனவரைப் போற்றும் தீர்மானங்களில் ஒன்றுபட்டவை, இந்த விலக்கைத் தொடாமல் விடுவதிலும் அதே அளவு ஒன்றுபட்டன.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: திருப்பிவிடப்பட்ட பணம் வீணாகவில்லை, மீன் இருப்புகளை மதிப்பிடும் அறிவியல் பணிக்கும் அது உதவுகிறது, அப்பணி இல்லாமல் மீனவருக்கே எதிர்காலம் இல்லை. இது உண்மையே. ஆனால் மீன் இருப்பை மதிப்பிடுவது அரசின் அடிப்படைக் கடமை. வானிலை ஆய்வுக்கு எந்தக் கருவூலத்திலிருந்து பணம் வருகிறதோ அதே கருவூலத்திலிருந்து அதற்கும் வர வேண்டும். மீனவருக்கு என்று பெயரிட்ட பெட்டியிலிருந்து எடுத்து அதைச் செய்துவிட்டு, மீனவருக்கு நிதி தருகிறோம் என்று ஆண்டுதோறும் கூறிக்கொள்வது ஒரே நாணயத்தை இருமுறை செலவிடுவதாகும்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: இசைவால் நன்மை விளைந்ததே இல்லையா? விளைந்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம், சரிந்த மீன் இருப்புகளைப் பொதுவாகப் பத்தாண்டுக்குள் மீட்டாக வேண்டும் என்று காலக்கெடு விதித்தது. 2006ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண்டுப் பிடிப்பு வரம்புகளைக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டிலிருந்து 50 அளவிலான மீன் இருப்புகள் மீட்டெடுக்கப்பட்டுள்ளன. இவையும் இரு கட்சியினரும் சேர்ந்து செய்தவை. ஆனால் இந்தச் சான்று போற்றுவோர் பக்கம் சாய்வதில்லை. அங்கே காலக்கெடு இருந்தது, எண் இருந்தது, மீறினால் நீதிமன்றம் செல்ல வழி இருந்தது, துறைமுகங்களில் கசப்பும் எதிர்ப்பும் இருந்தன. இசைந்தவர்களையே கட்டிப்போடும் இசைவு அது. சால்டன்ஸ்டால்–கென்னடி நிதியில் காணப்படுவதோ தன் சொல்லைத் தானே ஆண்டுதோறும் விலக்கிக்கொள்ளும் இசைவு.

இந்திய வாசகருக்கு இதில் என்ன?

அமெரிக்கர் உண்ணும் இறாலில் பெரும்பகுதி இறக்குமதியானது. அதில் முதலிடம் இந்தியாவுக்கு. ஆந்திரக் குளங்களில் வளரும் இறாலே மெக்சிகோ வளைகுடாவின் இறால் படகுக்காரருக்குப் போட்டி. உறையவைத்த இறாலுக்கு அமெரிக்காவின் சாதாரணச் சுங்கவரி சுழியம். அதாவது, வளைகுடா மீனவரை மிகவும் நெருக்கும் இறக்குமதி, அவர் பெயரில் உள்ள நிதிக்கு அந்த வரியின் வழியாக எதையும் தருவதில்லை. 1954இன் கணக்கு, அது யாருக்காகப் போடப்பட்டதோ அவரிடமே பொய்த்துப்போகிறது.

அந்த இடைவெளியை நிரப்ப எடுக்கப்பட்ட முயற்சிகள் இந்தியாவைத் தொட்டன. 2000ஆம் ஆண்டு செனட்டர் ராபர்ட் பேர்ட் வேளாண் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் செருகிய திருத்தம், பொருள் குவிப்புத் தடுப்பு வரியாக வசூலானதை, வழக்கை ஆதரித்த உள்நாட்டு உற்பத்தியாளருக்கே பங்கிட்டுக் கொடுத்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 2003இல் அத்திருத்தம் விதிகளுக்கு முரணானது என்று தீர்ப்பானது. 2006இல் அது நீக்கப்பட்டது. அப்போதும் பங்கு பெற்றவர் உற்பத்தியாளர் என்ற வரையறைக்குள் வந்தவர் மட்டுமே.

இதே அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்க வேண்டும். 2020இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவின் மதிப்பு 20,050 கோடி ரூபாய் என்று எங்கும் எழுதப்பட்டது. அத்தொகைக்குள் மத்திய அரசின் பங்கு 9,407 கோடி. மாநிலங்களின் பங்கு 4,880 கோடி. எஞ்சிய 5,763 கோடி பயனாளிகளே போட வேண்டிய பணம். மீனவருக்கு அரசு தருவதாக முழங்கப்பட்ட தொகையில் கால்பங்குக்கும் மேல் மீனவர் தரப்பே தர வேண்டியது. நீளமான பெயரும் பெரிய எண்ணும் சேர்ந்து ஒரு கொடுக்கல் வாங்கலை எப்படிக் கொடையாக மாற்றிக் காட்டுகின்றன என்பதை அறிய வாஷிங்டன் வரை போக வேண்டியதில்லை.

ஆகவே, அரசறிவியல் வகுப்பில் ‘இருகட்சி இசைவு’ பாடமாகும்போது, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஏதேனும் ஓராண்டின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தையும் 1938ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தின் விலக்குப் பிரிவையும் சேர்த்து மாணவர் கையில் கொடுக்க வேண்டும். முதல் ஆவணத்தில் இரு கட்சிகளும் என்ன சொன்னார்கள் என்பது இருக்கும். மற்ற இரண்டிலும் இரு கட்சிகளும் எதைச் சொல்லாமல் உடன்பட்டார்கள் என்பது இருக்கும். மூன்றையும் படித்த பிறகும் அந்த இசைவைப் பாராட்டத் தோன்றினால் பாராட்டலாம். முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் பாராட்டுவது ஆய்வாகாது.